இரண்டாகப் பிரியும் ரைபிள்

சரசா அந்தத் தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்சாரின் துப்பாக்கிக் கடைக்கு வந்தது ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில். அவளுக்கு அறுபத்தேழு வயது. கண்புரை அறுவை முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. தஞ்சாவூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கு நடத்தியவள். என்.சி.சி. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் வல்லம் பக்கத்தில் இருந்த ரைபிள் கிளப்புக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள்.

அறுவைக்குப் பிறகு தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. கை நீளத்தில் இருப்பதுதான் கலங்கியது. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. துப்பாக்கிக் குழலான பேரலின் நுனியில் நிற்கும் குறிமுனை மங்கிவிட்டால் எதிரே இருக்கும் இலக்கு அட்டை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பயனில்லை.

"எல்லாரும் போதும்னு சொல்றாங்க அன்சார். என் தம்பி ரகுராமன் பெங்களூர்லேர்ந்து போன் மேல போன் பண்றான், துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுன்னு. எனக்கு அட்டை தெரியுது. முனைதான் தெரியலை. ஒரு ஸ்கோப் மாட்டிக் குடுத்தீங்கன்னா நான் சுடுவேன்" என்றாள்.

குறி பார்க்க உதவும் லென்ஸ் குழாயான ஸ்கோப்பையும் அவளே வாங்கி வந்திருந்தாள். மாசி மாதம் கிளப்பில் நடக்கும் வருடாந்தரப் போட்டியில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஸ்கோப் வைத்துச் சுடலாம் என்று விதி இருந்தது. வேறொரு ஊர்க் கடையில் கேட்டதற்கு, துப்பாக்கியில் நான்கு ஓட்டை போட்டால்தான் ஸ்கோப் நிற்கும் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்சாரின் கடை துப்பாக்கி விற்கவும் பழுதுபார்க்கவும் லைசென்ஸ் பெற்ற கடை. இப்போதெல்லாம் வேலை என்பது பெரும்பாலும் பேங்க் காவலாளிகளின் துப்பாக்கியைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான். அந்த வேலைகளைப் பார்த்தவள் செவ்வந்தி. நாற்பத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, திருச்சியில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவள். ஆலை மூடிய பிறகு அன்சார் அவளைக் கூப்பிட்டுக்கொண்டான். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவாள்.

பெட்டிக்குள் பச்சை வெல்வெட்டில் ரைபிள் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு, எட்டுப் பட்டை பிடித்த பேரல். மற்றது, விசையும் கட்டையும் சேர்ந்த பின்பாதி. பக்கவாட்டில் ஒரே ஒரு பெரிய திருகு. அதைத் திருப்பினால் இரண்டும் பிரியும், சேர்த்துத் திருப்பினால் ஒன்றாகும். ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டாதான். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கினால் மேல்பக்கம் வாய் திறக்கும். விரலால் தோட்டாவைத் தள்ளி நெம்புகோலை ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் செய்தது, சரசாவின் அப்பா கல்கத்தாவிலிருந்து வரவழைத்தது. அவர் இறந்த பிறகு லைசென்ஸ் அவள் பெயருக்கு மாறியிருந்தது.

செவ்வந்தி இரண்டு துண்டையும் மாட்டிப் பார்த்தாள். பிறகு பிரித்தாள். மறுபடி மாட்டினாள். தொண்ணூறு வருடத்துக்குப் பிறகும் அந்தத் திருகில் ஆட்டம் இல்லை. பின்பாதியின் இரு பக்கமும் தட்டையாக இருந்ததால், அதைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு மவுண்ட், அதாவது தாங்கி, செய்து மேலே ஸ்கோப்பை உட்காரவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஓட்டையே வேண்டாம். இரண்டு வாரத்தில் தருவதாகச் சரசாவிடம் சொன்னாள். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடித்தும்விட்டாள்.

கிளப்பில் மணல்மூட்டை மேல் ரைபிளை வைத்து, ஐம்பது மீட்டரில் அன்சார் ஐந்து குண்டு சுட்டான். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்தில் விழுந்தன. சரசா கை தட்டினாள். எதற்கும் ஒரு தடவை பிரித்து மாட்டிப் பார்க்கலாம் என்று சொன்னவள் செவ்வந்திதான். பிரித்து மாட்டிச் சுட்டபோது ஐந்தும் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தன. இன்னொரு முறை பிரித்து மாட்டியபோது வலப்பக்கம் கீழே போயின. மூன்று அட்டையிலும் ஓட்டைகள் நெருக்கமாகத்தான் இருந்தன. மூன்றும் மூன்று இடத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று அன்சார் கேட்டான். பிரிக்காத துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் வல்லம் போவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்றாள் சரசா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் செவ்வந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, பழைய குறியை வைத்தே சுடும்படி அன்சாரிடம் கேட்டாள். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ரைபிளைப் பிரித்து மாட்டிக் கொடுத்தாள். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுந்தன.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இந்த ரைபிளைச் செய்தவன் முன்குறி, பின்குறி இரண்டையுமே பேரலில் வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் பேரல் ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ உட்காரும். குறியும் அதோடு சேர்ந்தே நகர்வதால் குண்டு தவறாது. அவளோ ஸ்கோப்பைப் பின்பாதியில் வைத்துவிட்டாள். பேரல் ஓரிடம் பார்த்தது, ஸ்கோப் வேறிடம் பார்த்தது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, தன் கணக்குதான் தப்பு என்று அவள் சரசாவிடம் அங்கேயே சொன்னாள். கடைக்குத் திரும்பியதும் செய்த மவுண்டைத் தூக்கிப் பழைய இரும்பில் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் தாளில் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா அம்சம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்து இறக்கினாள். எழுபது வயதிலும் அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மகள் என்ன வரைகிறாள் என்று விசாரித்தாள். இரண்டாகப் பிரியும் துப்பாக்கி என்றதும் அம்சத்தின் கை நின்றது.

"பொட்டிக்குள்ள பச்சைத் துணி வச்சிருக்குமா?"

செவ்வந்தி ஆமாம் என்றாள்.

"சாமா ஐயா துப்பாக்கி" என்றாள் அம்சம்.

செவ்வந்தி பிறப்பதற்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போன மிராசுதார் சாமா. அம்சத்தின் அப்பா அம்மா இரண்டு பேரும் அவர் பண்ணையில் வேலை செய்தவர்கள். வேட்டைக்குத் தடை வராத காலம். தாளடி நட்ட வயலில் நாரையும் கொக்கும் இறங்கும் நாட்களில் சாமா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுடுவார். விழுந்ததை எடுத்துக்கொண்டுவர, பண்ணையாட்களின் பிள்ளைகள் நான்கைந்து பேர் வரப்போரமாகக் காத்திருக்க வேண்டும். அம்சம் வேகமாக ஓடுவாள் என்பதால் முக்கால்வாசி நாள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பயிரை மிதிக்காமல், முட்டிக்கால் சேற்றில் ஓடி, சில நேரம் உயிர் போகாமல் அடித்துக்கொள்ளும் பறவையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவர வேண்டும்.

"எங்களுக்கு ஒரு இறகுகூடக் கிடையாது. ஓடுறதுதான் எங்க வேலை. நாய் வளக்காத குறைக்கு நாங்க" என்றாள். பிறகு புல்லை உதறிப் போட்டுக்கொண்டே, "நீ செய்யாதன்னு நான் சொல்லல. யாரு துப்பாக்கின்னு தெரிஞ்சிக்கிட்டு செய்யி" என்றாள்.

செவ்வந்தி இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சரசா கடைக்கு வந்தாள். தோட்டா போடும் வாய்க்கு மேலே ஸ்கோப் வந்து நிற்கும் என்பதால், இடையில் எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று பார்க்க அவளைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வந்தி அவள் ஆட்காட்டி விரலை வாங்கி, மூட்டு வீங்கியிருந்த இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தாள். பதினெட்டு மில்லிமீட்டர். அதை எழுதிக்கொண்டு, எழுதிய தாளைப் பார்த்தபடியே, தன் அம்மாவின் பெயர் அம்சம் என்றும் ஊர் இன்னது என்றும் சொன்னாள். அம்மா சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சரசா கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"நானும் அந்த வரப்புல இருந்தேன்" என்றாள் பிறகு. "எனக்கு ஏழு வயசு. அப்பா நாற்காலிக்குப் பக்கத்துல எனக்கு ஒரு முக்காலி. ஒரு நாள் அம்சம் நாரையைக் கொண்டுவந்து போடுது, பாதத்துல நத்தை ஓடு வெட்டி ரத்தம் ஓடுது. அப்பா நாரையைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்."

பக்கத்தில் நின்ற அன்சார் மெல்லக் கடை வாசலுக்குப் போய்விட்டான்.

"இதை நீங்க செய்யணும்னு இல்ல, செவ்வந்தி. நான் எடுத்துட்டுப் போயிடுறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"வேணாம் டீச்சர். ஒங்க அப்பாவுக்காகவும் செய்யல, ஒங்களுக்காகவும் செய்யல. தப்பா செஞ்சது நானு. சரியா செஞ்சி முடிக்கிறதும் நானாத்தான் இருக்கணும்."

மார்கழி முழுக்க அந்த வேலை நடந்தது. இந்த முறை எல்லாமே பேரலில்தான். பின்குறி உட்கார்ந்திருந்த காடி, வெட்டிய பள்ளம், ஏற்கெனவே பேரலில் இருந்தது. பின்குறியை மட்டும் உருவியெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்தக் காடிக்குள் இறுக உட்காரும்படி ஸ்கோப்பைத் தாங்கும் ஒரு எஃகுப் பட்டைக்கு அடிப்பாகம் செதுக்கினாள். இன்னொரு பிடிப்பு, முன்னால் பேரலைச் சுற்றிக் கவ்வும் வளையம். பேரல் எட்டுப் பட்டையாக இருந்ததோடு நுனியை நோக்கி மெலிந்துகொண்டும் போனதால், வளையத்தின் உட்புறம் எட்டு முகமாக, ஒரே சரிவில் இருக்க வேண்டும். அதற்கு லேத் உதவாது. நீல மையைப் பேரலில் தடவி, வளையத்தைப் பொருத்தி எடுத்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பாள். மறுபடி மை, மறுபடி அரம். எட்டு முகத்திலும் மை ஒரே சீராக ஒட்டுவதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. காலியான தோட்டா பின்னால் தெறிக்கும்போது ஸ்கோப்பில் இடித்ததால், சரசாவின் விரலுக்கு விட்ட உயரத்தை இன்னும் மூன்று மில்லிமீட்டர் கூட்டினாள். பேரலில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் மறுபடியும் கிளப்புக்குப் போனார்கள். பத்து தடவை பிரித்து மாட்டிச் சுட்டுப் பார்ப்பது என்று செவ்வந்தி தீர்மானித்திருந்தாள். அன்சார் சுட்டான். ஒவ்வொரு முறையும் ஐம்பது மீட்டர் நடந்துபோய் அட்டையை எடுத்துவர வேண்டும். முதல் முறை அன்சார் எழுந்தபோது சரசா அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போனாள். முட்டிவலிக்காரி. அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு செம்மண்ணில் நடந்து போவதையும், அட்டையோடு திரும்புவதையும் செவ்வந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து தடவையும் சரசாவே போனாள்.

பத்து அட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள் செவ்வந்தி. எல்லா ஓட்டையும் ஒரே இடத்தில் இருந்தன. அந்த ஒற்றை ஓட்டை வழியே ஒரு துண்டு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அன்சார் அவளைப் பார்த்து, "செவ்வந்திக்கா, இத நான் எங்க வாப்பா காலத்துலகூடப் பாத்ததில்ல" என்றான்.

மாசிப் போட்டிக்கு அம்சமும் வந்தாள். சரசாதான் செவ்வந்தியிடம் சொல்லி வரவழைத்திருந்தாள். இரண்டு பேரும் அறுபது வருடத்துக்குப் பிறகு பார்த்துக்கொண்டார்கள். சரசா எழுந்து நின்று "வாங்க அம்சம்" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அம்சம் உட்கார்ந்தாள். சம்பா அறுவடை எப்படி என்று சரசா கேட்க, இந்த வருடம் மகன் சேரன் ஒன்றரை ஏக்கரில் நாற்பது மூட்டை எடுத்ததாக அம்சம் சொன்னாள். அது சொந்த நிலம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

போட்டிக்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ள ஐந்து குண்டு சுடலாம். சரசா சுட்டுத் தயாரானபோதுதான் பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் கை தூக்கினார். புத்தம்புது வெளிநாட்டு ரைபிளோடு வந்தவர். பட்டறையில் செய்த மவுண்டை எப்படி நம்பி அனுமதிக்கிறீர்கள், நடுவில் கழன்று விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். போட்டியை நடத்திய வளவன் வந்து மவுண்டைத் தடவிப் பார்த்தான். யார் செய்தது என்று கேட்டான். செவ்வந்தி முன்னால் வந்தாள்.

"முழுசாக் கழட்டிப் பார்க்காம என்னால ஒத்துக்க முடியாதும்மா. ஆனா கழட்டிட்டா மறுபடி சரிபார்க்கக் குண்டு தர முடியாது. நேரா போட்டிதான். டீச்சருக்குச் சம்மதமா?"

அங்கே இருந்தவர்களுக்கு அது என்ன கேள்வி என்று தெரியும். கழற்றி மாட்டிய ஸ்கோப்பைச் சரிபார்க்காமல் போட்டியில் இறங்குகிறவர் யாரும் இல்லை. சரசா செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"கழட்டிப் பாருங்க சார்" என்றாள் செவ்வந்தி. "மாட்டினா அதே எடத்துலதான் போவும்."

பெரிய திருகைத் திருப்பிப் பேரலைப் பிரித்து மேசையில் வைத்தாள். வளையத்தையும் கழற்றி, காடியிலிருந்து பட்டையை உருவி வளவன் கையில் கொடுத்தாள். அவன் வளையத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டு முகத்தையும் விரலால் தடவினான். திருப்பித் தந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் காடியில் பட்டையைத் தட்டி உட்காரவைத்து, வளையத்தின் திருகுகளை மாற்றி மாற்றி ஒரே அளவாக முடுக்கி, பேரலைப் பின்பாதியில் சேர்த்தாள். இவ்வளவு நாளும் பேரலைத்தான் பிரித்து மாட்டிப் பார்த்திருந்தாள். சுட்டுச் சரிபார்த்த பிறகு மவுண்டையே கழற்றி மாட்டியது இன்றைக்குத்தான் முதல் தடவை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சரசா குப்புறப் படுத்தாள். தோட்டாவை விரலால் தள்ளி, நெம்புகோலை ஏற்றி, மூச்சை விட்டு, சுட்டாள். வளவன் தூரநோக்கியில் பார்த்து, "பத்து" என்றான்.

செவ்வந்தி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

பத்துக் குண்டில் சரசா தொண்ணூற்று நான்கு எடுத்தாள். தென்னந்தோப்புக்காரர் தொண்ணூற்றாறு எடுத்து முதலிடம் வந்தார். சரசாவுக்கு இரண்டாமிடம். கண் நன்றாயிருந்த காலத்திலும் அவள் தொண்ணூற்றொன்றைத் தாண்டியதில்லை. முடிந்ததும் அந்தத் தென்னந்தோப்புக்காரர் நேராகச் செவ்வந்தியிடம் வந்தார். தன்னிடம் அப்பா காலத்து ரைபிள் ஒன்று சும்மா கிடக்கிறது, அதற்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். துப்பாக்கியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள் அவள்.

பரிசு வாங்க மேடையேறிய சரசா மைக்கைப் பிடித்து, இந்த மவுண்டைச் செய்தவள் செவ்வந்தி, அதோ உட்கார்ந்திருக்கும் அம்சத்தின் மகள் என்று சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்சம் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கீழே வந்ததும் சரசா இன்னொன்றும் கேட்டாள். பேரலில் இங்கிலாந்துக்காரன் தன் பெயரை வெட்டியிருக்கிறான். மவுண்டில் செவ்வந்தியின் பெயர் வேண்டும். அடியில் மறைவாக வேண்டாம், பக்கவாட்டில், பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி.

கடையில் ஆங்கில எழுத்து அச்சுகள்தான் இருந்தன. செவ்வந்தி அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, மெல்லிய உளியால் தமிழிலேயே கையால் வெட்டினாள். 'வ்' எழுத்தின் புள்ளிக்கே அரைமணி நேரம் ஆயிற்று. முடித்ததும் அன்சார் குனிந்து படித்தான். "ரெ. அ. செவ்வந்தி."

"ரெத்தினம் ஒங்க அப்பா, சரி. இந்த 'அ' எப்ப சேந்துச்சு?" என்று கேட்டான்.

"இன்னைக்குத்தான் பாய்" என்றாள்.

சரசா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கிளப்பில் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ரைபிளைக் கொடுப்பதற்கு முன் செவ்வந்தி அந்த எழுத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலை அம்சம் அந்தப் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு நூறுநாள் வேலைக்குப் போனாள். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினாள். இரும்பிலே எழுதியிருக்கிறது, அழியாது, முதல் எழுத்து அப்பாவுக்கு, அடுத்த எழுத்து எனக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். மேற்பார்வைக்கு வந்த பெண் வருகைப்பதிவுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போனை அந்தப் பெண்ணிடமே நீட்டி, "இதைப் பாத்துட்டு அப்பறம் கூப்பிடுங்க" என்றாள்.